முதல் ஓலையை வாசித்தவன் நான்

ஆணை நேசித்த ஆண்களும் பெண்ணை நேசித்த பெண்களும் திருநங்கைகளும் நம் ஊர்களுக்குச் செய்த நல்ல காரியங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுகிறோம் என்று சில இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். கொடைக்கானலில் வாழ்ந்த இருவரைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். அவர்களை அறிந்தவர்களில் நினைவு தெளிவாக இருப்பவன் நான்தானாம். அந்த இருவரில் உயிரோடு இருப்பவர், பெயர் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். எழுதித் தருகிறேன், ஆனால் அவர்கள் செய்த காரியம் பாதியில் நின்றது என்னால்தான், அதையும் வெட்டாமல் அச்சிட வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

எழுபதுகளின் கடைசி. நான் மிஷன் பள்ளியில் தமிழாசிரியன். அந்த இருவரில் ஒருவர் அங்கேயே புவியியல் வாத்தியார். மற்றவர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வாத்தியாருக்குப் பள்ளி கொடுத்திருந்த இரண்டு அறை வீட்டில் இருவரும் எட்டு வருஷமாகச் சேர்ந்து இருந்தார்கள். பக்கத்திலே ஒற்றை அறையில் நான், மனைவி, இரண்டு குழந்தைகள்.

சனிக்கிழமை வெள்ளனே இருவரும் மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்கு இறங்குவார்கள். ரோடு கிடையாது. வட்டக்கானல் தாண்டிக் காட்டுப்பாதையில் மூன்று மணி நேரம். ஊர் வழக்கப்படி எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். வாத்தியார் பாடம் நடத்துவார். கம்பவுண்டர் புண் கட்டுவார், ஊசி போடுவார். எழுத்துத் தெரியாதவர்களுக்காக மாத்திரைப் பொட்டலத்தின் மேல் வாத்தியார் படம் வரைந்து கொடுப்பார். மலைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் சூரியன் என்றால் காலை மாத்திரை. உச்சிச் சூரியன் மத்தியானம். பிறை ராத்திரி. ஒரு வார்த்தை படிக்கத் தெரியாத தாய்மார்கள் மருந்தைத் தப்பில்லாமல் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் வாத்தியார் தயார் செய்த ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் அந்த ஊரிலிருந்து முதல் ஆட்களாக எஸ்.எஸ்.எல்.சி. எழுத இருந்தார்கள். பரீட்சை மார்ச்சில், மேலே கொடைக்கானலில். வாத்தியார் வீட்டு முன்னறையில் தங்கி எழுதுவதாக ஏற்பாடு. விண்ணப்பத்தில் கொடுத்த விலாசமும் அவர் பெயர் போட்டு அந்த வீடுதான்.

டிசம்பரில் ஆசிரியர்கள் பேரிஜம் ஏரிக்குப் பிக்னிக் போனோம். கம்பவுண்டரும் வந்திருந்தார். ஆரஞ்சு உரித்துச் சுளைகளை வாத்தியாரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அப்போது டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்து, "தமிழையா, ஃபாதர் மாதிரி ஒண்ணு எடுத்து விடுங்க" என்றார். எங்கள் ஃபாதரின் குரல் எனக்கு அச்சாக வரும். எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். நான் ஒரு பாறைமேல் ஏறி நின்றேன்.

"நம் பங்கைச் சேர்ந்த புவியியல் ஆசிரியருக்கும், அவர் வீட்டையே சேர்ந்த கம்பவுண்டருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதல் ஓலை."

டிரில் மாஸ்டர் புல்லில் விழுந்து சிரித்தார். "இதுல பொண்ணு யாருய்யா?" என்று ஒருவர் கேட்க, "சுளை உரிக்குது பாரு, அதான் பொண்ணு!" என்றார் இன்னொருவர். வாத்தியாரும் கூடவே சிரித்தார். கம்பவுண்டர் தோலை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தெரியாமல் சொன்ன வார்த்தை இல்லை. நானும் என் மனைவியும் ஒருவருக்கொருவர் என்னவோ, அதுதான் அவர்களும் என்று எனக்குத் தெரியும். சுவருக்கு அப்பால் அவர்கள் சிரிக்கும் சத்தம் தினமும் கேட்கும். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் இல்லை.

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் யாரோ 'இரண்டாம் ஓலை' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஞாயிறு ஃபாதர் வேறு யாருக்கோ நிஜமான ஓலை வாசித்தபோது பையன்கள் பெஞ்சிலிருந்து ஊளைச் சத்தம் வந்தது. கோயிலே திரும்பி அந்த இருவரைப் பார்த்தது.

திங்கட்கிழமை ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். பள்ளியின் தாளாளரும் அவர்தான். வாத்தியார் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"பக்கத்துல குடியிருக்கீங்க. என்ன பேச்சு இது?"

"ஊர்ல பேசிக்கிறாங்க ஃபாதர்."

"யாரு?"

"எல்லாரும்தாங்க."

வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் தொடங்கினேன் என்று அவர் சொல்லவில்லை. "மார்ச் வரைக்கும் விடுங்க ஃபாதர்," என்றார். "பிள்ளைங்க பரீட்சை எழுதி முடிச்சதும் நாங்களே போயிடறோம்."

ஃபாதர் என் பக்கம் திரும்பி, "நீங்க பொறுப்பேத்துக்கிட்டா மார்ச் வரைக்கும் விடறேன்" என்றார்.

"எனக்கும் குடும்பம் இருக்குங்க ஃபாதர்."

இரண்டு நாளில் வீட்டைக் காலி செய்தார்கள். தகரப் பெட்டிகளோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். அந்த வாரமே இரண்டு அறை வீட்டை எனக்குக் கொடுக்கும்படி மனு எழுதினேன். கிடைத்தது.

பிப்ரவரியில் வாத்தியார் பெயருக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே ஹால் டிக்கெட் என்று தடவிப் பார்த்தபோதே தெரிந்தது. அந்தப் பெயரில் இந்த வீட்டுக்கு எதுவும் வரக் கூடாது என்று நினைத்தேன். 'ஆள் இல்லை' என்று எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பரீட்சைக்கு முதல் நாள் அந்தப் பெண்ணின் அப்பா மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏறி வந்துவிட்டார்.

"சாரு வராட்டியும் பிள்ளைக படிச்சுக்கிட்டுத்தாங்க இருந்துச்சு. பரீட்சைச் சீட்டு இங்கதான் வரும்னு சாரு சொல்லியிருந்தாங்க."

"ஒண்ணும் வரலையே."

"உள்ள எங்கிட்டாச்சும் கெடக்குதான்னு பாருங்களேன்."

பார்ப்பதுபோல் உள்ளே போனேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து கையை விரித்தேன். அந்தப் பெண் ஒரு புதுப் பேனாவைக் கையில் வைத்திருந்தாள். அழவில்லை. "வெரசாப் போனா இருட்டுறதுக்குள்ள எறங்கிரலாம்பா" என்றாள்.

ஏழு வருஷம் கழித்து, ஒரு வீட்டு விசேஷத்துக்குக் காய் வாங்க ஒட்டன்சத்திரம் போனபோது ஒரு கமிஷன் கடையில் வாத்தியாரைப் பார்த்தேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மாடியில் இருவருக்கும் ஓர் அறை. மேலே கூட்டிப் போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பழுப்பு உறை உட்பட. அழுதேன்.

"ஓலை வாசிச்சதை விடுங்க ஐயா," என்றார். "எங்களுக்கு ஒரு வீடு கெடைச்சிருச்சு. பரீட்சைச் சீட்டுக்கு எங்கிட்ட ஏன் மன்னிப்புக் கேக்குறீங்க? அந்தப் பிள்ளை, சீட்டே வரலைன்னு இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கும். நடந்து போய் அதுக்கிட்டச் சொல்லுங்க."

கம்பவுண்டர் அடுப்பங்கரையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "அவரா? அவரு நடக்க மாட்டாரு. வாசிக்க மட்டும்தான் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை வட்டக்கானல் வரை போனேன். எனக்கு நாற்பத்தாறு வயது, முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. பாதை இறங்கும் இடத்தில் நின்றேன். கீழேயிருந்து மேகம் ஏறி வந்தது. அதையே காரணமாக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.