பெயர் போடாமல் எழுதிய எங்கள் அக்கா

அக்காவின் வருஷ நினைவுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் அவருடைய தங்கை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அக்காவை நேரில் வா, போ என்றுதான் கூப்பிடுவேன். இந்த நினைவு மலரில் மரியாதையாக எழுத வேண்டும் என்று எங்கள் தாய்மாமா சொன்னதால் அவர் என்று எழுதுகிறேன்.

அக்கா இண்டூரில் பிறந்தார். அப்பா நிலத்தில் கூலி வேலை. அக்கா நன்றாகப் படித்து, சென்னைக்குப் போய் ஜர்னலிசம் முடித்து, ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா தவறிய பிறகு அம்மாவும் படுத்துவிட்டார். அக்கா வேலையை விட்டு ஊருக்கு வந்தார். அம்மா போன பின்னும் திரும்பிப் போகவில்லை. என்னைத் தனியாக விட மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். கேட்டால் சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்.

வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினார். கடைகளின் வெப்சைட்டுக்கு எழுதுவார். புத்தகம் எழுதியவர்களுக்குத் திருத்திக் கொடுப்பார். மேடையில் பேசுகிறவர்களுக்குப் பேச்சு எழுதுவார். ஒரே அறையில் அவர் டைப் அடிக்க, நான் ஜாக்கெட் தைப்பேன். போன் வந்தால், "மெஷின நிறுத்து பாப்பா" என்பார். அவ்வளவுதான் எங்கள் சண்டை.

ஒருமுறை சித்தி வந்து, "டீவில வருவேன்னு பாத்தா, ரூமுக்குள்ள ஒக்காந்து தட்டிட்டு இருக்கியே" என்றார்.

"டீவின்னா தெனம் தலை சீவணும் சித்தி. யாரால ஆவுது?" என்று அக்கா சிரித்தார்.

அக்கா எழுதிய எதிலும் அவர் பெயர் இருக்காது. ஒரு விழாவுக்கு என்னைக் கூட்டிப் போனார். மேடையில் ஒருவர் பேசினார். அக்கா என்னிடம் படித்துக் காட்டிய அதே பேச்சு. கூட்டம் கை தட்டியது. நான் அக்காவை இடித்தேன். "சும்மா இரு" என்றார். திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

"உனக்குக் கஷ்டமா இல்லியா?"

"அவரு மனசுல இருந்ததுதான் பாப்பா. எழுத வரல, அவ்ளோதான். நான் எழுதுனேன்னு யாருகிட்டயும் சொல்லிடாத. நாளைக்கு அவரு நாலு பேரு முன்னாடி நிக்கணும்ல."

நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. சேலத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் யாருடைய புத்தகத்தையோ திருத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் திட்டினால், "இந்த ஒரு பக்கம் மட்டும்ங்க" என்பார். கடைசி வாரம் திரையைப் பார்க்கக் கண் ஒத்துழைக்கவில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கே மாற்ற வேண்டும் என்று அக்கா சொன்னார்.

அக்காவை எடுக்கும் அன்று சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் வந்தார்கள். மாமா என்னிடம், "இத்தனை வருசம் வேலை பார்த்தாளே, அந்தப் பக்கமிருந்து ஒருத்தர்கூட வரலியே" என்றார். அவர் வருத்தத்தில்தான் கேட்டார். ஆனால் அந்த வார்த்தை எனக்கு ஆறவே இல்லை. என் அக்கா யாருக்கும் வேண்டாதவரா?

இந்த மலர் போடப் பேசியபோது மாமா, "நன்றின்னு போட்டு அந்தப் பெரிய ஆளுங்க பேரையெல்லாம் எழுது. அப்பத்தான் அவ அருமை தெரியும்" என்றார். எனக்கும் ஆசைதான். பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு மனதாக இருந்தேன்.

அப்போதுதான் அக்காவிடம் எழுதி வாங்கிய ஒரு சார் அக்காவின் போனுக்குப் பேசினார். தயங்கித் தயங்கி, "ஏம்மா, மேடத்தோட கம்ப்யூட்டர்ல என் விசயமெல்லாம் இருக்குமே" என்றார்.

"யாரும் தொடலீங்க சார். அக்கா யாருகிட்டயும் சொல்லவும் இல்லீங்க."

பிறகு அவரே சொன்னார்.

"சேதி கேட்ட அன்னிக்கே பஸ் ஏறி வந்தேம்மா. உங்க தெரு முனையில நின்னேன். பந்தல்ல ஒக்காந்தா யாரு வூட்டு ஆளுன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? அப்படியே திரும்பிட்டேன்."

இதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். "பேரும் ஊரும் போடாம எழுதிக்கோம்மா" என்றார். மாமாவிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேரு வேண்டாம். வரச் சொல்லு" என்றார். அக்காவிடம் எழுதி வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். சிலர் எடுக்கவில்லை. சிலர் பார்க்கிறேன் என்றார்கள்.

சேலத்துக்கு எங்களோடு அலைந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், எனக்குச் சோறு கொண்டுவந்து சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்த சித்திக்கும், மலரின் செலவை ஏற்ற மாமாவுக்கும் என் நன்றி. அக்காவிடம் எழுதி வாங்கியவர்களுக்கும் நன்றி. உங்கள் வேலை இருந்ததால்தான் அக்கா வலியை மறந்து இருந்தார்.

சொந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று பந்தியில் உங்கள் பக்கத்தில் தெரியாத முகம் இருந்தால், எந்த ஊர், என்ன முறை என்று கேட்காதீர்கள். சாப்பிடட்டும். அவர்களாக அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள். சமையல் பக்கம்தான் இருப்பேன். அக்காவின் வேலையைப் பற்றிப் பேச எனக்கு வேறு யாரும் இல்லை.