பாலத்தில் நின்ற கார்

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்ததும், மகன் தன் ஸ்போர்ட்ஸ் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு விரைந்தான். பிள்ளையைப் போலப் பராமரித்த கார். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் என்ஜின் நின்றுவிட்டது. மகன் பொனட்டைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"பெல்ட் அறுந்துட்டு, உம்மா. போன மாசம்தான் புதிசாப் போட்ட."

வீதியால் போனவர்கள் நின்றார்கள். எல்லோரும் காரைத்தான் பார்த்தார்கள்.

"காக்கா, இது எவ்வளவு ஸ்பீட்டுல போகும்?" என்று ஒருவர் மகனை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

அந்நிய ஆண்களிடம் வாய் திறந்தறியாதவள் நான். கணவரின் கையோ குளிர்ந்துகொண்டே வந்தது.

"காரப் பாக்காதீங்க! உள்ளுக்கக் கிடக்கிற மனிசனப் பாருங்க!" என்று கத்தினேன்.

மீன் லொறிக்காரர் ஒருவர் ஓடிவந்து அவரைத் தூக்கி, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கிடத்தினார். ஆஸ்பத்திரியில் அவரை லொறியிலிருந்து இறக்கியபோது மூச்சு இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா காப்பாத்த ஏலாமப் போயிருக்கும்," என்றார் டொக்டர்.