புதன்கிழமை மீன்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இதை நான் அடிக்கடி சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். அப்பா துறைமுகக் கிடங்குகளில் மூட்டை இறக்கினார். அம்மா நாலு வீட்டுத் துணி துவைத்தாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. பினாங்கின் டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் என் வாசலுக்கு வந்துதான் பிரியும். மருந்துப் புட்டியில் ஒட்டியிருப்பதை வாசிக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று கரண்டியா, மூன்று வேளையா என்று நான் தீர்ப்புச் சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

நான் தேறிய ஒவ்வொரு பரீட்சையிலும் அம்மாவுக்குப் பாதிப் பங்கு உண்டு. நான் எழுதுவேன், அவள் வேண்டிக்கொள்வாள். வேண்டிக்கொண்டது அவள்தான், ஆனால் கட்டுப்பட்டது என் வாய். ஆறாம் வகுப்பு தேறியதற்கு அம்மனுக்கு வெள்ளிக்கிழமை போனது. மூன்றாம் பாரம் தேறியதற்கு முருகனுக்குச் செவ்வாய். ஐந்தாம் பாரத்துக்குச் சிவனுக்குத் திங்கள். "எம் பொண்ணு ஆயுசுக்கும் இந்தக் கிழமையில கவுச்சி தொடமாட்டா" என்று அவள் கோயிலில் கைகூப்பிச் சொல்லிவிட்டு வருவாள். எனக்குச் செய்தி சாப்பாட்டுத் தட்டில்தான் தெரியும். மீன் இருந்த இடத்தில் புடலங்காய் இருக்கும்.

பள்ளி முடித்த வருடம் என் கழுத்து லேசாக வீங்கியது. பட்டப்பகலில் கம்பளி கேட்டேன். பினாங்கு வெயிலில் கம்பளி கேட்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டிப்போவார்கள்? தைராய்டு சுரப்பி சோம்பிவிட்டது என்றார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குட்டி மாத்திரை, ஆயுள் முழுக்க. மாத்திரையைத் தொடங்கியதும் வீக்கம் குறைந்தது. மாத்திரைக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெருமாளுக்குச் சனிக்கிழமை போனது.

பிறகு எங்கள் தீவுக்கு அக்கரையில், பிறையில் ஒரு நூல் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை, எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணி வேலை, கிடைத்தது. வியாழன் போனது. ஆறு மாதம் சோதனைக் காலம், அதன் பிறகுதான் வேலை உறுதி. அந்த உறுதிக்கு முன்பணமாக அம்மா ஞாயிற்றுக்கிழமையையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். மிஞ்சியது புதன் ஒன்றுதான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்குப் புதன் மட்டும்தான் கிடைத்தது. அந்த ஒரு நாளும் மத்தியானச் சோற்றை அலுவலகத்தில் சாப்பிடுவேன். கம்பெனி பஸ்ஸில் மீன் வாடை வரக் கூடாது என்று அம்மா ரசச்சோறுதான் கட்டித் தருவாள். ஆக, புதன் ராத்திரி ஒரு துண்டு மீன். பால் எனக்குச் சிறு வயதிலிருந்தே குமட்டும். முட்டையும் கவுச்சிதான் என்பது அம்மாவின் கட்சி.

இதில் என் பங்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நூலகத்தில் ஒரு பத்திரிகையில், முட்டைக்கோஸ் வகைக் காய்கள் தைராய்டு சுரப்பிக்கு ஆகாது என்று ஒரு பத்தி படித்தேன். ஒரே ஒரு பத்தி. முட்டைக்கோஸுக்கு இலை உண்டு, சாவிக் கீரைக்கும் இலை உண்டு, அப்படியானால் கங்கோங் கீரையும் முருங்கையும் எந்த யோக்கியம் என்று என் படிப்பு மேற்கொண்டு யோசித்தது. ஓர் அட்டையில் 'தடை செய்யப்பட்டவை' என்று தலைப்பிட்டு எல்லாக் கீரைகளையும் எழுதி, சமையலறைச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். வீட்டில் என்னைத் தவிர வாசிக்க ஆள் கிடையாது. என் கையெழுத்து என்பதால் அம்மா அதற்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். அன்றிலிருந்து என் தட்டில் பச்சை நிறமே வரவில்லை.

நாலாவது மாதத்தில் என் கால்கள் என்னை ஏமாற்றத் தொடங்கின. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல ஓயாமல் குறுகுறுக்கும். நாக்கு சிவந்து, ரசம் பட்டாலே எரியும். மாடிப்படி ஏறினால் மலைக்கோயில் ஏறியதுபோல் மூச்சு வாங்கும். தட்டச்சு செய்த கடிதத்தில் ஒரு வரி காணாமல் போகும், இல்லையென்றால் அதே வரி இரண்டு தடவை வரும். வேலை முடிந்து பெர்ரிப் படகில் தீவுக்குத் திரும்பும்போது உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். ஒருநாள் கண் விழித்தால், ஏறிய கரையே எதிரில் நெருங்கி வந்துகொண்டிருந்தது. பெர்ரி தீவுக்குப் போய், எல்லோரையும் இறக்கிவிட்டு, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கே திரும்பியிருந்தது.

அலுவலகத்தில் எங்கள் தலைமைக் கிராணி யாழ்ப்பாணத்துப் பரம்பரை. அவருடைய அப்பாவும் கிராணி, தாத்தாவும் கிராணி. பேனாவோடு பிறந்த குடும்பம். மூட்டை தூக்குகிறவரின் மகள் தன் எதிரில் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருப்பதை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

"என்ன பிள்ளை, நித்திரையோ?" என்று ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். அதில் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு தடவை வணக்கம் சொல்லியிருந்தேன்.

"இல்லைங்க சார்."

"ஆளுக்கு மரியாதை கூடிப்போச்சுப் போல. இந்த மாதம் இது ஏழாவது பிழை. ஆறாம் மாதம் முடிய நான்தான் ரிப்போட் எழுத வேணும். பொய் எழுத எனக்குத் தெரியாது பிள்ளை."

எனக்கு அழுகை வந்தது. வரவில்லை என்றுதான் அன்று எல்லோரிடமும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல முடியாது. நான் கிராணி என்பதை அப்பா எங்கள் தெருவில் மட்டுமல்ல, கிடங்கில் ஏறி இறங்கும் ஒவ்வொரு மூட்டையிடமும் சொல்லி வைத்திருந்தார்.

தைராய்டு மாத்திரைதான் வேலை செய்யவில்லை என்று நினைத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு சீன லேடி டாக்டர். இரத்தம் எடுக்கச் சொல்லி, அடுத்த வாரம் வரச்சொன்னார். போனபோது தாளைப் பார்த்துவிட்டு, தைராய்டு நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு வேறு இடத்தில் என்று மலாய் மொழியில் சொன்னார். ஒரு காகிதத்தில் வட்டங்கள் வரைந்தார். என் சிவப்பணுக்கள் அளவில் பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கின்றனவாம். ஆள் பெரிசு, வேலை ஒன்றுமில்லை. வைட்டமின் பி பன்னிரண்டும் குறைவு, போலேட் என்ற சத்தும் குறைவு.

"மீன், இறைச்சி, முட்டை சாப்பிடுவாயா?"

"சாப்பிடுவேன் டாக்டர். புதன்கிழமை."

"மற்ற நாள்?"

ஆறு கிழமைகளையும் அவற்றின் சாமிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சைவக்காரர்களுக்கே பால், தயிர் என்று ஏதாவது வழி இருக்கும், உனக்கு அதுவும் இல்லை என்றார். தைராய்டு கோளாறு உள்ள சிலருக்கு இந்தச் சத்து வயிற்றில் சரியாகச் சேர்வதும் இல்லை, இருப்பதையும் நீ குறைத்துக்கொண்டாய் என்றார். நான் இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன், கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"சரி, கீரை? போலேட் கீரையில்தானே இருக்கிறது. உங்கள் ஆட்கள் வீட்டில் கீரை இல்லாமல் இருக்காதே?"

அட்டையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. வேகவைத்த கோஸைச் சாதாரணமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, மற்றக் கீரைகள் உனக்கு என்ன பாவம் செய்தன, அரைகுறையாகப் படித்துவிட்டு நீயே உனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டாயா என்று கேட்டார். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளராகிய நான் காகிதத்தில் இருந்த வட்டங்களைப் பார்த்தேன்.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"கீரையும் கொஞ்சம் சேத்துக்கணுமாம்மா."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மாக்கு முளுசா சொல்லு லா," என்றார் தமிழில்.

அவர் பிறந்து வளர்ந்த தெருவில் பாதி வீடு தமிழ் வீடாம். முழுவதையும் சொன்னேன். அம்மாவின் முகச் சுருக்கம் விரிந்த வேகத்தை நான் கவனித்தேன்.

முதலில் ஊசி, ஊசி தொடங்கிய பிறகு போலேட்டுக்கான போலிக் மாத்திரை, தைராய்டு மாத்திரை வழக்கம்போல் காலையில் வெறும் வயிற்றில் என்று டாக்டர் வரிசை சொன்னார். தாதி ஊசியில் மருந்தை இழுத்தாள். ரோஸ் சிராப் மாதிரி சிவப்பு. அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"நில்லுடி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அந்த ஊசி சைவமா கவுச்சியான்னு கேளு."

"அம்மா!"

"கேளு லா. செகப்பா இருக்கே."

டாக்டர் அப்போதுதான் சிரித்தார். "அம்மா, ஊசி சாப்பிடல. கையில போடுது. விரதம் வாய்க்குதான்."

அம்மா யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று கையை விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை நானே கிழித்தேன். சந்தனப் பொட்டு உள்ள மூலையை மட்டும் அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். என் தப்பு இப்படி ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. அவளுடையது அப்படித் தீராது. சாமிக்குக் கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பரீட்சைகளெல்லாம் திரும்பிப்போய்விடும் என்று பயந்தாள். அச்சடித்த சான்றிதழ் திரும்பிப்போகாது என்றேன். "வேல கன்பர்ம் ஆவணுமே, அது அச்சடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள், ஈஸிசேரில் கிடந்த அப்பா கண்ணைத் திறக்காமலே ஒரு வார்த்தை சொன்னார்.

"பேர மாத்தி விடு லா. பழைய மோட்டார் சைக்கிள வாங்குனா பேர் மாத்துறதில்ல? கடன் அதேதான், ஆளு வேற. சாமிக்குக் கெழமதான முக்கியம்? எவன் வாயின்னா பாக்கப் போவுது?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பின்ன?"

"அப்ப திங்க, செவ்வா, வியாழன், வெள்ளி எனக்கு. சனியும் ஞாயிறும் ஒங்களுக்கு."

அப்பா கண்ணைத் திறந்தார். சனிக்கிழமை அரை நாள் வேலை. முடிந்ததும் சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் மீன் தலைக் கறியோடு அவர் உட்கார்வது அந்தக் கடைக்காரருக்கே ஒரு நேர்த்திக்கடன் மாதிரி.

"எனக்கு எதுக்குடி? நான் என்ன பரிச்சையா எழுதுனேன்?"

"ஒங்க பொண்ணுதான எழுதுனா!"

அன்று சாயங்காலமே அவரைக் குளிக்கவைத்துக் கோயிலுக்கு இழுத்துப்போனாள். கர்ப்பூரம் காட்டும்போது அவர் முகத்தைப் பார்த்த அர்ச்சகர், வீட்டில் ஏதும் துக்கமா என்று விசாரித்தாராம்.

முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் சிவப்பு ஊசி. திங்கட்கிழமை முட்டை, செவ்வாய்க்கிழமை மீன், தினமும் கீரை. செவ்வாய்க்கிழமை முதல் வாய் மீனை எடுத்தேன். எதிரில் அம்மா வெறும் சாம்பார்ச் சோற்றோடு உட்கார்ந்து, "முள்ளு பாத்து" என்றாள். மெல்ல மெல்ல நாக்கு எரிச்சல் அடங்கியது. பாதத்து எறும்புகள் அதிக நாள் தங்கின, பிறகு அவையும் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. பெர்ரியில் விழித்திருந்து கடலைப் பார்த்தேன். ஐந்தாம் மாதம் இரண்டு பிழை. ஆறாம் மாதம் நானே எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கடைசிச் சனிக்கிழமை பன்னிரண்டரைக்குத் தலைமைக் கிராணி என்னைக் கூப்பிட்டு ஓர் உறையை நீட்டினார்.

"இந்த மாதம் ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. நான் தேடிப் பாத்தனான்."

"தேடினீங்களா சார்?"

"ரெண்டு தரம்," என்றார். பிறகு தன் கோப்புக்குள் குனிந்துகொண்டார்.

உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெர்ரி ஏறினேன். இறங்கி, பஸ்ஸுக்கு நிற்காமல் சூலியா தெரு வழியாக நடந்தேன். சனிக்கிழமை இப்போது என்னுடையது. என் சம்பளத்தில், என் கிழமையில், ஒரு தட்டு நாசி கண்டார். கடைக்குள் நுழைந்தால் சுவரோரக் கடைசி மேசையில் ஒரு முதுகு. பழக்கப்பட்ட முதுகு. மீன் தலை ஒன்று பாதி முடிந்திருந்தது.

"அப்பா."

அப்பா திரும்பவில்லை. மெல்லுவது மட்டும் நின்றது. பெருமாளே நேரில் வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்போல.

"ஒரு வாரமும் வெரதம் தப்பலம்மா," என்றார் கடைசியில். "இன்னைக்குத்தான். கால் தானா இந்தப் பக்கம் வந்துருச்சு."

கடைக்காரர் குழம்புக் கரண்டியோடு எங்களைப் பார்த்தார். "என்னாண்ணே, போன சனி சாப்ட்ட காசு..." என்று தொடங்கி, அப்பாவின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் உறையைப் பிரித்து மேசையில் வைத்தேன். வாசித்தும் காட்டினேன். ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. வலது கை குழம்பாக இருந்ததால் அவர் இடது கையின் ஒரு விரலை மட்டும் நீட்டி, என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"இது ஒன் தட்டு. நான் சும்மா பக்கத்துல ஒக்காந்திருக்கேன்."

இன்னொரு தட்டு சொல்லலாம் என்றேன். வேண்டாம், இதில்தான் கண் இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்தார். மீன் தலையில் கண்ணைத்தான் எங்கள் வீட்டில் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். அதை நான் சாப்பிட்டேன்.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றாள். உறையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் வழிய என்னைக் கட்டிக்கொண்டவள், அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினாள். என்னை முகர்ந்தாள். எட்டி அப்பாவையும் முகர்ந்தாள்.

"மீன் வாட வருது. யாரு சாப்ட்டது?"

அப்பா கிடங்கிலேயே இல்லாத ஒரு மூட்டையைத் தூக்குகிறவர்போல் நின்றார்.

"நான்தாம்மா," என்றேன். "சூலியா தெருவுல. அப்பா பக்கத்துல ஒக்காந்திருந்தாரு."

இரண்டு வாக்கியமும் உண்மை. பிழையே இல்லை. தலைமைக் கிராணி இரண்டு தரம் தேடினாலும் கிடைக்காது.