என்னைக் கேட்காத பயிற்சி

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தாதியாக இருந்தேன். தினமும் நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். தாதியர் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்த தோழிக்கும் அங்கேதான் நியமனம் கிடைத்தது. அவளுடைய வீடு பாண்டிருப்பில். வருகிற சனத்துக்குத் தாதி என்றால் மிஸ்ஸி. எங்கள் பெயர் தேவைப்படவில்லை. அவள் பாண்டிருப்பு மிஸ்ஸி, நான் நிந்தவூர் மிஸ்ஸி.

கல்லூரியில் நான்தான் முதலாவதாக வருவேன். எலும்புகளின் பெயர்கள் அவளுக்கு மனதில் நிற்காது. பரீட்சைக்கு முன்பு அவளுடைய கையைப் பிடித்து ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுச் சொல்லிக் கொடுப்பேன். அதனால் அவளை எனக்குப் பின்னால் வருகிறவளாக நினைத்துப் பழகிவிட்டேன். அப்படி நினைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு நாள் பெரிய டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெளியே வந்தவளின் முகம் மினுங்கியது.

"என்னைக் கொழும்புக்குப் போகச் சொல்றாங்க கா. பாரிசவாதம் வந்தாக்கள அவசரத்துல எப்படிப் பார்க்கிற எண்டு கையால செஞ்சு பழக்கிற பயிற்சியாம். பெரிய ஆஸ்பத்திரியில, கொஞ்சக் கிழமை."

"நல்லம்" என்றேன். என் வாய் சிரித்தது.

எங்கள் தலைமைத் தாதி நல்ல மனுஷி. மருந்து ட்ரொலியைத் துடைத்துக்கொண்டே அவரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன், என்னை ஏன் கேட்கவில்லை என்று.

"ஒன்னைக் கேட்டா வீட்டில விடுவாங்களா புள்ள? முஸ்லிம் பொம்புளப் புள்ளய தனியக் கொழும்புக்கு ஆர் அனுப்புவாங்க? ஒன்ட நல்லதுக்குத்தான் டாக்டர் கேக்கல்ல."

வாப்பாவை அவர்களுக்குத் தெரியாது. நான் தாதி வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் வாசலுக்கு வந்து சண்டை பிடித்தார்கள். வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த வாப்பா, "என்ட மகள். நான் அனுப்புறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அந்த மனிதரிடம் போய்க் கேட்கக்கூட இல்லாமல் எனக்குப் பதிலாகப் பதில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது சாளரப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். கோபம் டாக்டர் மீதுதான் வந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்குள் நின்றது அவளுடைய மினுங்கிய முகம்.

அந்தக் காலத்தில் வாதம் அடித்தவர்களுக்கு எங்கள் வாட்டில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கடைசிக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைப்போம். வீட்டுக்காரர்கள் பாசத்தோடு வாயில் கஞ்சியும் கோப்பியும் ஊற்றுவார்கள். விழுங்கத் தெரியாத தொண்டை அதை நெஞ்சுக்குள் விட்டுவிடும். பிறகு காய்ச்சல், சளி, இழுப்பு. விதி என்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அவள் போயிருந்த வாரங்களில் அவளுடைய வேலையையும் சேர்த்துச் செய்தேன். கடற்கரையையும் கடைகளையும் பார்த்துவிட்டுத்தான் வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தபோது நடை மாறியிருந்தது. முன்பு கேள்வி கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பவள், இப்போது கேட்டவரை நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள்.

கற்றதை மற்றவர்களுக்கும் பழக்கும்படி டாக்டர் சொன்னார். ஒரு பின்னேரம் வெளிநோயாளர் மண்டபத்தில் சனம் உட்காரும் வாங்குகளை ஒதுக்கிக் கட்டில்கள் போட்டார்கள். தம்பிலுவில் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்தும் உதவி வைத்தியர்களும் தாதிகளும் வந்திருந்தார்கள். ஆண்கள் செய்து பழக எங்கள் மருந்துக் கலவைக்காரரைத் திரைக்கு அந்தப் பக்கம் படுக்க வைத்தாள். பெண்களின் பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

"நீ படு கா" என்றாள் என்னிடம்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படுத்தேன்.

"இவவுக்கு வலப் பக்கம் செத்துப் போச்சு. கதைக்க ஏலா. ஆனா நாம கதைக்கிற எல்லாம் விளங்கும். அதால கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு, இவ தப்பமாட்டா எண்டு ஒருத்தரும் கதைக்கப்படாது."

பிறகு அவளுடைய கைகள் வேலை செய்யத் தொடங்கின. என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தாடையை முன்னால் தள்ளி நாக்கு பின்னால் விழாமல் பார்த்தாள். இரத்தத்தில் சீனி குறைந்தாலும் இதே மாதிரி விழுவார்கள், அதை முதலில் பார்க்க வேண்டும் என்றாள். பிரஷர் கூடிக் கிடந்தால் பதறி அதை ஒரேயடியாக இறக்கப்படாது என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் போய், "ஐயா, அந்தக் கையப் பிடிச்சு இழுக்காதீங்க. தோள் கழண்டுடும். தோளுக்குக் கீழ கையக் குடுத்துத் தூக்குங்க" என்று ஓர் உதவி வைத்தியருக்குச் சொன்ன குரல் எனக்குக் கேட்டது. அவர் "சரி மிஸ்" என்றார். அந்த "சரி மிஸ்" எனக்குள் போய்க் குத்தியது.

திரும்பி வந்து என்னைச் சாய்த்து இருத்தினாள். ஒரு தேக்கரண்டி தண்ணீர் மட்டும் தந்து, இரண்டு விரலைத் தொண்டையில் வைத்தாள். "விழுங்கேக்க இந்த இடம் மேல எழும்ப வேணும். எழும்பல்லையெண்டா, இருமினா, குரல் ஈரமாக் கேட்டா, வாயால ஒண்டும் குடுக்கப்படாது. மூக்கால குழாய் போடுங்க." வந்திருந்த தாதிகள் ஒவ்வொருவராக என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் விழுங்கிக் காட்டினேன். நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் அவள் நின்றாள். நான் செத்த கையோடு கட்டிலில் இருந்தேன்.

கண்ணீர் தானாக வழிந்தது. அவள் பார்த்துவிட்டாள். பிறகு துண்டுத் துணி ஒன்றை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தபடி மற்றவர்களிடம் சொன்னாள்:

"இந்த வருத்தக்காரர் காரணமில்லாம அழுவாங்க. அதுவும் வருத்தம்தான். ஏசாதீங்க. துடைச்சு விடுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவளுக்குக் காரணம் விளங்கியதா இல்லையா என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வாதம் வந்த ஆள் என்றால் சனம் வாசலிலேயே "பாண்டிருப்பு மிஸ்ஸி நிக்காவா?" என்றுதான் கேட்பார்கள். "நான் நிக்கன்" என்று சொன்னால், "நீங்களும் வாங்க, ஆனா அவவையும் கூப்பிடுங்க" என்பார்கள்.

வெள்ளாமை வெட்டுக் காலத்தில் ஒரு காலை. நான் வேலைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த வாப்பாவின் கையிலிருந்து சோற்றுக் கோப்பை விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தார். வாய் கோணியிருந்தது. ஏதோ சொல்ல வந்தார், சொல்லாக வரவில்லை.

உம்மா கத்திக்கொண்டு தேத்தண்ணியோடு ஓடிவந்தார். என் அண்ணன், காக்கா, வாசலுக்குப் பாய்ந்து, "காரக் கொண்டு வாங்க! பாண்டிருப்பு மிஸ்ஸிய ஏத்திட்டு வருவம்!" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கத்தினார்.

"நான் இரிக்கன்தானே காக்கா!"

"நீ அதப் படிக்கல்லயே!"

என்னுடைய வீட்டில், என்னுடைய வாப்பாவின் பக்கத்தில் வைத்து அதைச் சொன்னார். உம்மாவின் கையிலிருந்த தேத்தண்ணியைப் பறித்து முற்றத்தில் ஊற்றினேன். வாப்பாவை ஒருக்களித்துத் திருப்பினேன். தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தேன், இழுக்கவில்லை. வாயில் கிடந்த சோற்றை விரலால் வழித்து எடுத்தேன். அந்தக் கட்டிலில் கிடந்து என்னுடைய உடம்பே படித்த பாடம் அது. "ஒருத்தரையும் ஏத்த வேணாம். இவர ஏத்துங்க, நேர ஆஸ்பத்திரிக்கு" என்றேன். காக்கா என்னைப் பார்த்துவிட்டு வாப்பாவின் காலைப் பிடித்துத் தூக்கினார். காரில் வாப்பாவின் தலை என் மடியில் ஒரு பக்கமாகக் கிடந்தது. "வாப்பா, ஆஸ்பத்திரிக்குப் போறம், நான் கூட இரிக்கன்" என்று அவருடைய காதுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

அன்று அவள் வேலையில் இருந்தாள். நான் செய்ததையெல்லாம் சொன்னேன். "சரி கா" என்றாள். வாப்பாவை அவளிடம் கொடுத்தேன். பின்னாலேயே போனபோது வாசலில் என்னை நிறுத்தினாள்.

"நீ மகள். வெளிய நில்லு."

கதவிடுக்கால் பார்த்தேன். அவளுடைய விரல் வாப்பாவின் தொண்டையில் இருந்தது. நான் துஆ ஓதிக்கொண்டு நின்றேன். யா அல்லாஹ், என் வாப்பாவைக் காப்பாற்று என்று கேட்ட அதே மூச்சில், அவளுடைய கையால் வேண்டாம் என்றும் ஒரு குரல் உள்ளே கேட்டது. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லாஹ் சொன்னேன். குரல் போகவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை, ஆரம்பத்திலேயே சரியாச் செஞ்சிருக்கிறீங்க" என்று அவளிடம் சொன்னார். "நான் இல்ல ஐயா, மகள்தான்" என்று அவள் சொல்வதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வாப்பா பிழைத்தார். அவருக்குக் காய்ச்சல் வரவில்லை, நெஞ்சில் சளி கட்டவில்லை. நாங்கள் இருவரும் முறை மாற்றி அவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம். வலக் கை கனத்துக் கிடந்தது. பேச்சுத்தான் வரவில்லை. அவள் தினமும் வந்து கண்ணுக்கு நேரே இருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வைப்பாள். நானும் என் முறையில் செய்தேன். ஒரு காலை நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றபோது வாப்பா அவளைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"மிஸ்ஸி."

உம்மா சந்தோஷத்தில் அழுதார். காக்கா அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"ஒனக்கு என்னில கோவமா கா?"

"ஓம்."

"நான் என்ன செஞ்சன்?"

"ஒண்டும் செய்யல்ல. அவளையும் கேளுங்க எண்டு டாக்டர்ட்ட ஒரு சொல்லுச் சொல்லி இரிக்கலாம். அதையும் செய்யல்ல."

அவள் மடித்து வைத்த விரிப்பு ஒன்றை எடுத்து விரித்தாள். திரும்ப மடித்தாள்.

"சொல்ல நினைச்சன். பயந்திட்டன். ஒன்னைக் கேட்டா ஒன்னைத்தான் அனுப்புவாங்க எண்டு தெரியும். படிக்கிற காலத்தில இருந்து எல்லாத்திலயும் நீதானே முதல். ஒண்டாவது எனக்குக் கிடைக்கட்டும் எண்டு வாயப் பொத்திட்டு இருந்திட்டன்."

அவளுக்கும் இப்படி ஒன்று உள்ளே இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இத்தனை மாதமாக நான் பட்டதை அவள் அதற்கு முன்பே வருஷக்கணக்காகப் பட்டிருக்கிறாள். எனக்குச் சமாதானம் வரவில்லை. ஆனால் சுவாசிக்க முடிந்தது.

"அப்ப அண்டைக்கு நான் அழுததும் ஒனக்கு விளங்கினதா?"

"விளங்காமலா துடைச்சன்?"

அன்றே டாக்டரின் அறைக்குப் போனேன். அடுத்த பயிற்சிக்கு என்னை அனுப்பச் சொன்னேன்.

"வீட்டில விடுவாங்களா?" என்றார்.

"வீட்டில நான் கேக்கிறன் ஐயா. நீங்க என்னைக் கேளுங்க."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். "சரி, கேக்கிறன். போறீங்களா?"

"ஓம், போறன்."

வாப்பாவிடம் சொன்னபோது அவருக்குச் சொற்கள் இன்னும் முழுதாக வந்திருக்கவில்லை. கோணல் வாயால் "போ, போ" என்றார். இடக் கையால் வாசலைக் காட்டினார். மாமி ஒருவர் "கொழும்புக்கா?" என்று இழுத்தார். வாப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிப் போனார்.

கொழும்பில் வாட்டுக்குப் பொறுப்பான தாதி ஒரு சிங்களப் பெண்மணி. எந்த ஊர் என்று கேட்டார். நான் சொன்னதுமே, "ஆ, போன தடவை வந்த மிஸ்ஸியின் இடம்தானே? எவ்வளவு நல்ல கை அது!" என்றார். அவ்வளவு தூரம் போயும் அவள் எனக்கு முன்னால் நின்றாள். ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் போன பிறகும் நின்று வேலை செய்தேன். என் சிங்களம் அரைகுறை. பாதிப் பேச்சைக் கையால் பேசினேன். நோயாளிகளைத் திருப்பினேன், குழாய் போட்டேன், எத்தனையோ தொண்டைகளில் விரல் வைத்தேன். வாப்பாவைப் போன்றவர்களைக் காப்பாற்றும் நோக்கம் நல்லதுதான். ஆனால் என்னை அந்த வாட்டில் நிற்க வைத்தது அந்த நோக்கம் மட்டும் இல்லை.

கடைசி நாள் அந்தப் பெண்மணியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எங்கள் இரண்டு பேரில் யார் நன்றாகச் செய்கிறோம்?"

யோசிக்கக்கூட இல்லை. "அவதான்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டி, "நீயும் நல்லம்" என்றார்.

திரும்பி வந்த முதல் நாள், வாட்டில் ஊசிகளை அவித்துக்கொண்டிருந்த அவளிடம் இதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. காது வரைக்கும் சந்தோஷம் ஏறியது.

"சும்மா சொல்லி இருப்பா கா."

"இல்ல. யோசிக்காமச் சொன்னா" என்றேன். எனக்கு எரிந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது. அதற்குள் வெளியே ஒரு வண்டில் வந்து நிற்கும் சத்தமும், ஆட்கள் கத்துவதும் கேட்டன. இருவரும் போனோம். வண்டிலில் ஒருவர் வாய் கோணிக் கிடந்தார். அவள் தலைப் பக்கம் பிடித்தாள், நான் தோள் பக்கம் பிடித்தேன்.