வால் இல்லாத வெண்கல நாய்

வாளையாரில் டீ குடிக்க இறங்கிய நான், பக்கத்துப் பட்டறையில் நிற்கும் வெண்கல நாயைப் பார்த்து உள்ளே போகிறேன். ஒரு காது மடிந்து, விலா தெரிய, கூப்பிட்டால் ஓடிவந்துவிடும் போலிருக்கிறது. வால் மட்டும் இல்லை.

“வாலை மறந்துட்டீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறேன்.

நாய்களை மட்டுமே வார்க்கும் சிற்பி ராசாத்தி, ரோட்டில் போகும் சிமென்ட் லாரிகளால் அதன் முதுகில் படிந்த தூசியைத் துடைக்கிறார்.

“இது எங்கூட்டுச் செவலைங்க. என்னைக் கண்டா வாலை ஆட்டாம இருந்ததே இல்லீங்க. வாலு அசையாம நான் பார்த்தது, ரோட்டுல லாரி அடிச்சுக் கெடந்த அன்னைக்கு மட்டுந்தானுங்க. அசையாத வாலை எப்படிங்க செய்யறது?”

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நெருங்குகிறது. அவருடைய கை சட்டென்று வெண்கல நாயின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. லாரி கடந்துபோன பிறகுதான் விடுகிறது.