மாதா பல்லக்கும் எங்கள் பறங்கிப் பெயரும்

எங்கள் குடும்பப் பெயர் போர்த்துக்கீசியப் பெயர். நானூறு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடிப் பக்கம் கப்பலில் வந்த பறங்கிகள், எங்கள் ஆட்களின் தலையில் தண்ணீர் ஊற்றிய கையோடு ஆளுக்கொரு பெயரையும் கொடுத்தார்கள். போகும்போது அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பம்பாய்த் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக் கையெல்லாம் கிரீஸாக இருக்கும். பெயரைச் சொல்லும்போது மட்டும் லிஸ்பனில் நிலபுலன் இருப்பவர் மாதிரி சொல்வார்.

அறுபதுகளில் தாராவியிலிருந்து நாங்கள் நடந்துபோய்ப் பூசை கண்ட கோயிலும் பறங்கிகள் கட்டியதுதான். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். யாரோ ஒரு கேப்டனின் நெஞ்சில் நின்றபடிதான் பின்னாலிருந்து பூசை காண்போம். பெஞ்சுகள் கோவாக்காரர்களுக்கு. அப்படி எங்கேயும் எழுதிப் போடவில்லை. உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மாதா திருநாளுக்குப் பல்லக்குத் தூக்குவதும் அவர்களில் பழைய குடும்பங்கள்தான். செப்டம்பர் புழுக்கத்தில் சிவப்பு மேலங்கி மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, மாதாவுக்கே தாங்கள்தான் இடம் கொடுத்த மாதிரி வருவார்கள். ஒரு தடவையாவது அந்தப் பல்லக்குக்குத் தோள் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஊரில் சப்பரம் தூக்கிய தோள் இங்கே சும்மா கிடக்கிறதே என்று பொருமுவார்.

ஒரு வருஷம் தூக்க ஆள் குறைகிறது என்று கேள்விப்பட்டு, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் தன் பெயரைச் சொல்லி அனுப்பினார். பங்குச் சாமியார் புதிதாக வந்தவர். பெயரைக் கேட்டதும் கோவாக் குடும்பம் என்று நினைத்து, பூசை முடிவில் எல்லோருக்கும் கேட்க வாசித்துவிட்டார்.

திருநாளன்று அப்பா இரவல் பேன்ட் போட்டுக்கொண்டு மேலங்கி வாங்கப் போனார். கிங்ஸ் சர்க்கிளில் டைப் படித்துக்கொண்டிருந்த நானும் கூடப் போனேன். மேலங்கிகளுக்குப் பொறுப்பு, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு கோவாக்காரர். வேடிக்கை என்னவென்றால் அவருக்கும் எங்கள் பெயர்தான். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"யே நாம் தும்கோ கிதர் சே மிலா?" இந்தப் பெயர் உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

"தும்கோ ஜிதர் சே மிலா, உதர் சே," என்றார் அப்பா. உனக்குக் கிடைத்த அதே இடத்தில்தான்.

மேலங்கி தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவர் பீரோவைப் பூட்டினார். உள்ளே இரண்டு தொங்கியதை நாங்கள் பார்த்தோம். பார்த்தோம் என்பது அவருக்கும் தெரியும்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. "நீங்க தூக்காட்டா மாதா நடந்தா போவா? சாப்பிடுங்க," என்றாள் அம்மா.

மறு வருஷம் அப்பா தமிழர்களைத் திரட்டிக்கொண்டு சாமியாரை நச்சரித்தார். தொந்தரவு தாங்காமல் அவர் திருநாளுக்கு அடுத்த ஞாயிறை எங்களுக்கு விட்டுக் கொடுத்தார். தாராவியிலேயே சப்பரம் செய்தோம். ஆண்டாப் ஹில்லில் இருந்த ஒருவர், தோல் கிடங்கு வேலை முடிந்து தினமும் வந்து மரம் இழைத்தார். அவரும் திருநெல்வேலிப் பக்கம், அவரும் கத்தோலிக்கர், சாதி மட்டும் வேறு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சப்பரம் நின்றது. முன்கொம்பில் அப்பா, மற்றதற்கெல்லாம் எங்கள் கடற்கரைச் சொந்தங்கள். பின்கொம்பு ஒன்றுக்கு வரவேண்டியவர் வரவில்லை. மரம் இழைத்தவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, நா ஒரு தோள் குடுக்கட்டா?"

"நீங்க விளக்கப் பிடிச்சிக்கிட்டுப் பின்னால வாங்க," என்றார் அப்பா. "தூக்குறத எங்க ஆளுக பாத்துக்கிடுவாக."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கை வாங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கொம்புக்கு ஆள் இல்லாமலே, ஒரு பக்கம் சாய்ந்தபடி மாதா புறப்பட்டாள்.

பீரோவைப் பூட்டிய கோவாக்காரர் படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஊர்வலம் திரும்பியதும் இறங்கி வந்து, அப்பாவின் கையைப் பிடித்து, தன் சொந்தக்காரருக்குச் செய்வது போல மரியாதையாகக் குலுக்கினார்.