கூரைப் பெயிண்டும் கொக்கு மார்க் சைக்கிளும்

மாசி பங்குனி வந்தால் இராமையாவுக்குத் தலைவலியும் கூடவே வந்துவிடும். மழைக்கு முன்னால் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் மாதங்கள் அவை. தகரத்துக்கு அடித்தது போக டின்னின் அடியில் மிஞ்சுவதை யாரும் சும்மா விடுவதில்லை. வாளிக்கு அடிப்பார்கள், கதவுக்கு அடிப்பார்கள், கடைசியில் சைக்கிளுக்கு அடிப்பார்கள். அடித்த கையோடு அதை ஹட்டனுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

ராசிக் நானாவின் இரும்புக் கடையை ஒட்டிய பலகைக் கொட்டிலில் இராமையா பன்னிரண்டு வருடமாகச் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். வருகிறவன் எங்கே வேலை பார்க்கிறான் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திருகு மரையில் ஒட்டியிருக்கும் பெயிண்டே சொல்லிவிடும். சிவப்பு என்றால் லயத்து ஆள், வெள்ளி என்றால் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, பச்சை என்றால் துரை பங்களா.

"மரைக்குள்ள துணிய அடைச்சிட்டு அடிங்கடான்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று கத்துவார். பலகையில் எழுதியும் தொங்கவிட்டார். வந்தவர்கள் அந்தப் பலகையில் தொப்பியை மாட்டிவிட்டு உட்கார்ந்து பீடி குடித்தார்கள்.

விஷயம் இதுதான். பெடல் அச்சு உட்காருகிற குழாயின் இரண்டு வாயிலும் மரை இருக்கும். கிண்ணம் போன்ற மூடிகள் அதில் ஏறும். பெயிண்ட் உள்ளே போய்க் காய்ந்துவிட்டால் மூடி ஏறாது. டேப் என்கிற எஃகுத் திருகியை எண்ணெய் விட்டு உள்ளே செலுத்தி மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம். ஊரில் ஓடுகிற சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்குலத்துக்கு இருபத்துநாலு மரை. முகப்பில் கொக்கு மார்க் பதித்ததற்கு மட்டும் இருபத்தாறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். டேப்பை மாற்றி விட்டால் பிரேம் பாழ். இந்த இரண்டு மரை எதற்குக் கூடுதலாக என்று சீமைக்காரனை இராமையா திட்டாத நாள் கிடையாது. இருபத்துநாலு டேப்பைப் பிஸ்கட் டின்னிலும் இருபத்தாறைக் கோப்பித்தூள் டின்னிலும் தனித்தனியே வைத்திருந்தார்.

அவரும் லயத்தில் பிறந்தவர்தான். பதினெட்டு வயதில் ஸ்டோரில் மெஷினுக்கு எண்ணெய் போடச் சேர்ந்தார். மேலே இருந்தவரோடு ஒத்துப்போகாமல் டவுனுக்கு இறங்கினார். அவரோடு யாருக்குத்தான் ஒத்துப்போயிற்று என்பது வேறு கதை. அப்பா பிறந்ததற்குத் தாள் இல்லையென்று பிரஜா உரிமை மனு இரண்டு தடவை திரும்பி வந்தது. "எங்கப்பன் பொறக்கறப்ப நான் பக்கத்துல நின்னேனா?" என்று கந்தோர் அதிகாரியிடமே கேட்டுவிட்டு வந்தார். அவர் ஆசையாக வைத்திருந்த ஒரே பொருள், மெல்லிய தங்கக் கோடு போட்ட கறுப்புச் சைக்கிள். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். யாருக்கும் இரவல் கிடையாது. மச்சினன் கல்யாண வேலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. அவர் மனைவி சண்முகவடிவுக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருடம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னத்தம்பி வந்தான். தோளில் வெறும் பிரேம், கையில் மற்றச் சாமான்கள் அடைத்த சாக்கு. பிரேம் முழுக்கக் கூரைச் சிவப்பு.

ஆறு மைல் தள்ளியிருந்த தோட்டத்தில் அவன் தபால்காரன். மழைத்தண்ணி ஓடுகிற கான் வெட்டும்போது சறுக்கி விழுந்ததில் முழங்கால் கெட்டு, மலையில் நின்று வேலை செய்ய முடியாமல் போனவன். சொந்தச் சைக்கிள் இருந்ததால்தான் தபால் வேலை கிடைத்தது. பை எடுக்க ஹட்டனுக்கு வரும்போது இறக்கத்தில் மிதிப்பான், திரும்பும்போது ஏற்றத்தில் அதையே பிடித்துக்கொண்டு நடப்பான்.

"நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குத் தபால் பை தோட்டத்துக் கந்தோர்ல இருக்கணும்ணே. இல்லன்னா கணக்கப்பிள்ளை தன் மச்சானுக்கு வேலையக் குடுத்துடுவாரு. ரெண்டு நாளா மூடி ஏறவே மாட்டேங்குது."

"ஏன்டா, சைக்கிள் என்ன லயமா? மழைக்கு ஒழுகுதா அது?"

"கலரு நல்லா இருந்துச்சுண்ணே. எல்லாத்தையும் கழட்டி வச்சுத்தான் அடிச்சேன்."

அவ்வளவுதான், இராமையாவுக்கு வந்ததே கோபம். பிரேமை இடுக்கியில் மாட்டியபடி திட்டினார், எண்ணெய் விட்டபடி திட்டினார், பிஸ்கட் டின்னைத் திறந்து டேப்பை எடுத்து மரையில் வைத்தபடியும் திட்டினார். முகப்பில் என்ன மார்க் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பெயிண்ட்தான் தெரிந்திருக்கும். டேப் இரண்டு சுற்றில் இறுகியது. "பெயிண்ட் எப்படிப் பிடிச்சிருக்கு பாரு!" என்று இன்னும் ஒரு சுற்று அழுத்தித் திருகினார்.

சிவப்புத் தூளோடு பளபளவென்று ஓர் இரும்புச் சுருள் அவர் கையில் விழுந்தது.

திட்டு பாதியில் நின்றது. இராமையா கத்தியை எடுத்து முகப்பைச் சுரண்டினார். சிவப்புக்கு அடியிலிருந்து கொக்கின் அலகு எட்டிப் பார்த்தது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு பிரேமைக்கூட அவர் கெடுத்ததில்லை.

அவர் முகத்தைப் பார்த்தே சின்னத்தம்பிக்குப் புரிந்துவிட்டது. "போச்சாண்ணே? என் புத்தியச் செருப்பால அடிக்கணும். பெயிண்ட் அடிச்சது நான்தானே. பேச்சியம்மாகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?" மனைவி பெயரைச் சொல்லிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டான்.

பேசாமல் இருந்துவிட்டால் ஹட்டனில் ஓர் ஈ காக்கைக்கும் தெரியாது. அந்த நினைப்பு ஒரு கணம் இராமையாவுக்குச் சுகமாகத்தான் இருந்தது. சுகமாக இருந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை.

"டேய், தப்பு என்னோடது. இதுக்கு இருபத்தாறு டேப்பு விடணும். நான் இருபத்துநாலை விட்டுட்டேன்."

"விடுங்கண்ணே. நான் மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு சொல்றீங்க."

"ஒன் மனசு கெடக்கு! இந்தா பாரு, இரும்பு!"

"உங்க கையில தப்பு வருமாண்ணே? நீங்களே சொல்லியிருக்கீங்களே."

சொல்லியிருக்கிறார், வருகிறவன் போகிறவனிடமெல்லாம். இப்போது சுருளை அவன் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டியும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான். இராமையாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்து போய்க் கறுப்புச் சைக்கிளை உருட்டிவந்து அவன் கையில் கொடுத்தார்.

"ஒன் சைக்கிளுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் இத ஓட்டு. ஒண்ணும் பேசாத, போ."

சோறு கொண்டுவந்த சண்முகவடிவு வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏங்க, என் தம்பி கல்யாணத்துக்கு..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றை வைத்தாள்.

ராசிக் நானாவின் கடைக்குப் பின்னால் கிடந்த துருப்பிடித்த கொக்கு மார்க் பிரேம் ஒன்றைத் தேடி எடுத்து, மார்க்கை இரண்டு தடவை பார்த்து, கோப்பித்தூள் டின்னைத் திறந்து மரையைச் சுத்தம் செய்து, சின்னத்தம்பியின் சாமான்களைப் பூட்டி முடிக்க இராமையாவுக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் சந்தை முழுக்கப் பேச்சாகிவிட்டது, அடுத்தவன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மனுஷன் என்று. இல்லையென்று சொல்லச் சொல்ல மரியாதை கூடியது. பெயிண்ட் அடித்த சைக்கிள்கள் இன்னும் தைரியமாக வந்தன.

நாலாவது ஞாயிறு சின்னத்தம்பி கறுப்புச் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவந்தான். இராமையா பார்த்தார். மட்கார்டிலிருந்து கைப்பிடி வரை கூரைச் சிவப்பு. தங்கக் கோடு இருந்த இடமே தெரியவில்லை.

"ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன்ணே. வேற எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பை ஒரு நாளும் பிந்தல."

பன்னிரண்டு வருடத்துத் திட்டும் மொத்தமாக இராமையாவின் தொண்டைக்கு வந்தது. சின்னத்தம்பி சிரித்துக்கொண்டு நின்றான். அவர் ஸ்பேனரை எடுத்து மூடியைக் கழற்றினார். மரையில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. ஒவ்வொரு மரையும் புதிதுபோல் மின்னியது.

"துணி அடைச்சுத்தான் அடிச்சேன்ணே. நீங்கதானே சொன்னீங்க."

பன்னிரண்டு வருடத்தில் சொன்னதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். அவனை எப்படித் திட்டுவதென்று இராமையாவுக்குத் தெரியவில்லை. "நல்லாத்தான் இருக்கு, போ" என்று உறுமிவிட்டு, மூடியைத் திரும்பப் பூட்ட உட்கார்ந்தார்.